ஒற்றை ஃபோட்டானைப் பிடித்த கதை: ஒரு கல்லூரி ஆய்வகப் பதிவு

கிடைத்த எண் 0.027. பிழை வரம்பு 0.001. எங்கள் முதுகலை இயற்பியல் ஆய்வகத்தில் இருபது நிமிடம் தொடர்ந்து எண்ணியதில் வந்தது இது. ஃபோட்டான் என்பது ஒளியின் ஒரு தனித் துகள். அதை இரண்டு வழிகள் பிரியும் இடத்தில் விட்டு, இரண்டு வழிகளிலும் ஒரே நேரத்தில் அகப்படுவது எத்தனை முறை என்று எண்ணி, ஒளி அலையாக இருந்தால் வர வேண்டிய எண்ணிக்கையால் வகுத்தது இந்த எண். ஒளி வெறும் அலையாக மட்டுமே இருந்தால் இந்த எண் 1க்குக் கீழே இறங்கவே கூடாது. ஃபோட்டான்கள் துல்லியமாக ஒவ்வொன்றாக வந்தால் 0 ஆக இருக்கும். நாங்கள் பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறோம் என்பதைவிட, மிச்சமிருக்கும் 0.027இல் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது என்று எங்களால் சொல்ல முடிகிறது என்பதே எனக்குப் பெரிய நிறைவு. இந்தப் பதிவு முழுவதும் அந்த மிச்சத்தைப் பற்றியதுதான்.

சோதனை புதியதன்று. ஒரு ஃபோட்டானைக் கற்றைப் பிரிப்பானில், அதாவது விழும் ஒளியில் பாதியை நேரே விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடியில், விட்டால் அது இந்தப் பக்கம் போகும் அல்லது அந்தப் பக்கம் போகும், இரண்டு பக்கமும் ஒரே கணத்தில் அகப்படாது என்பதை 1986இல் பிரான்சின் ஓர்சேயில் கிராஞ்சியே, ரோஜே, அஸ்பே மூவரும் கால்சியம் அணுக்களை வைத்துக் காட்டினார்கள். அந்த அஸ்பேதான் 2022இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். கால்சியம் அணுக்கற்றையும் வெற்றிட அறையும் கல்லூரிக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ஒரு படிகத்தில் ஊதா லேசரைச் செலுத்தி ஃபோட்டான்களை ஜோடி ஜோடியாகப் பெறலாம் என்பது 1970இல் பர்ன்ஹாம், வைன்பெர்க் இருவரும் செய்துகாட்டியது முதல் தெரிந்த வழி. அமெரிக்காவின் விட்மன் கல்லூரியில் அந்த வழியில் இளங்கலை மாணவர்களுக்கான ஆய்வகச் சோதனையாகவே இதை அமைத்து, 2004இல் 0.0177 என்ற எண்ணை வெளியிட்டார்கள். பெரிய ஆராய்ச்சி நிறுவனம் இல்லாத ஓர் ஊரில் இதை அமைக்க முடியும் என்ற துணிவு எனக்கு அந்த எண்ணிலிருந்துதான் வந்தது.

முனைவர் பட்ட ஆய்வை முடித்துவிட்டு, தென்கடற்கரையில் இருக்கும் ஒரு கல்லூரிக்கு ஆசிரியராக வந்தேன். ஆய்வுக்காலத்தில் என் கையில் இருந்த கருவிகளை எனக்கு முன்னால் வேறு யாரோ சீர்செய்து வைத்திருந்தார்கள். இங்கே ஒரு மேசை, ஒரு ஆஸிலோஸ்கோப் (மின்துடிப்பைத் திரையில் வரைந்து காட்டும் கருவி), ஒரு சால்டரிங் அயர்ன், ஆர்வமுள்ள நான்கு மாணவர்கள். தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்த பிறகு, இந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் மாணவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்கள் கைக்கு ஒரு கருவி வேண்டும் என்றுதான் தொடங்கினேன்.

பணம் எங்கே போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான். மொத்தம் 13 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அதில் மூன்று ஒற்றை ஃபோட்டான் டிடெக்டர்களுக்கு மட்டும் 9 லட்சத்து 30 ஆயிரம். துளையிட்ட அலுமினியப் பலகை, தாங்கிகள், திருகுகள் எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 40 ஆயிரம். ஒளியிழைகளும் அவற்றின் முனையில் மாட்டும் லென்ஸ்களும் 84 ஆயிரம். லேசரும் அதன் மின்னோட்டக் கட்டுப்பாடும் 70 ஆயிரம். 810 நானோமீட்டர் வடிகட்டிகள் மூன்று, 66 ஆயிரம். படிகம் சுங்கவரியுடன் 60 ஆயிரம். எண்ணிக்கைக்கான எஃப்.பி.ஜி.ஏ. போர்டு (நாமே நிரல் எழுதி வேலையை அமைத்துக்கொள்ளும் மின்சுற்றுப் பலகை) 20 ஆயிரம். மரப்பெட்டி, வண்ணம், ஒயர், பிளேடு முதலான சில்லறை 10 ஆயிரம். கடைசி 10 ஆயிரத்தில் வாங்கிய பொருள்கள்தான் எங்களை அதிகம் அலைக்கழித்தன.

டிடெக்டரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதற்கு முன்பே ஒரு வேலையைச் செய்தோம். அறையின் டியூப்லைட்டுகளிலிருந்து ஸ்டார்ட்டரைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினோம். இந்த டிடெக்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது அறை விளக்கின் ஒளி நேரே பட்டால் பழுதாகிவிடும். எங்கள் ஊரில் மின்சாரம் போவதும் வருவதும் சொல்லிக்கொண்டு நடப்பதில்லை. இருட்டில் யாராவது சுவிட்சைப் போட்டுவிட்டுப் போயிருந்தால், மின்சாரம் திரும்பும் கணத்தில் விளக்கு எரியும், டிடெக்டரோ யூ.பி.எஸ். தயவில் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று லட்ச ரூபாய்ப் பொருளுக்கு ஸ்டார்ட்டரைக் கழற்றுவதைவிட மலிவான காப்பு எனக்குத் தெரியவில்லை. பெட்டியின் மூடியில் ஒரு மைக்ரோ சுவிட்சும் வைத்தோம். மூடியைத் திறந்தால் டிடெக்டர்களின் மின்சாரம் துண்டிக்கப்படும்.

முதல் கட்டம், எண்ணும் கருவி. டிடெக்டரில் ஒரு ஃபோட்டான் பட்டால் ஒரு மின்துடிப்பு வரும். இரண்டு டிடெக்டர்கள் ஒரே நேரத்தில் துடிப்பு தந்தால் அதை ஜோடி என்று எண்ண வேண்டும். 'ஒரே நேரம்' என்பது எத்தனை நானோநொடி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் டிடெக்டரின் துடிப்பு ஒவ்வொன்றும் 25 நானோநொடி நீளம். இரண்டு துடிப்புகளையும் அப்படியே ஒப்பிட்டால், ஒன்றின் வாலும் மற்றதன் தலையும் தொட்டாலே ஜோடி என்று கணக்காகிவிடும். ஆகவே சாளரம், அதாவது ஜோடி என்று ஏற்கும் கால இடைவெளி, 50 நானோநொடியாக விரிகிறது. இது மிக அகலம். போர்டின் கடிகாரத்தை 200 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, துடிப்பு எழும் முனையை மட்டும் எடுத்து, அது எந்த 5 நானோநொடிக் கட்டத்தில் விழுகிறது என்று பார்க்கும்படி எழுதினோம். அதே கட்டமோ அதற்கு முன்பின் கட்டமோ என்றால் ஜோடி. மூன்று கட்டங்கள், ஆக 15 நானோநொடி. டிடெக்டரின் துடிப்பு 5 வோல்ட் அளவில் வருகிறது. போர்டின் ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. இரண்டு மின்தடைகளை வைத்துக் குறைத்தோம். கேபிள்கள் சம நீளம் இருக்க வேண்டும், 20 சென்டிமீட்டர் கூடினால் ஒரு நானோநொடி தள்ளிப்போகும்.

நாம் எழுதிய 15 உண்மையிலேயே 15தானா என்று எப்படி அறிவது? இந்தப் பதிவைப் படித்து யாராவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மங்கலான ஒளியை இரண்டு டிடெக்டர்களிலும் விட வேண்டும். அப்போது வருகிற ஜோடிகள் எல்லாம் தற்செயல். அவற்றின் எண்ணிக்கை, இரண்டு தனி எண்ணிக்கைகளையும் (ஒவ்வொரு டிடெக்டரும் விநாடிக்குத் தனியாக எண்ணுவது) சாளர நீளத்தையும் பெருக்கினால் வருவது. ஆகவே தற்செயல் ஜோடிகளை இரண்டு தனி எண்ணிக்கைகளால் வகுத்தால் சாளரம் கையில் வந்துவிடும். விநாடிக்கு இரண்டு பக்கமும் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால் 15 நானோநொடிக்கு 150 ஜோடிகள் வர வேண்டும்.

எங்களுக்கு 225 வந்தது. அதாவது சாளரம் 22.5 நானோநொடி என்றது கணக்கு.

நிரலை வரி வரியாகப் பார்த்தோம். கடிகாரத்தைச் சரிபார்த்தோம், 200 மெகாஹெர்ட்ஸ் சரியாக இருந்தது. கேபிள்களை மாற்றினோம். எண் அசையவில்லை. கிடைத்தது சரியாக ஒன்றரை மடங்கு என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. கோளாறு என்றால் இப்படி வட்டமான எண்ணாக வராது. ஒளிக்காக நாங்கள் வைத்திருந்தது சுவரில் செருகும் எல்.இ.டி. இரவு விளக்கு, அதன் மேல் இரண்டு தாள். அதன் முன்னால் ஒரு ஃபோட்டோடயோடை வைத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி. விளக்கு விநாடிக்கு நூறு முறை ஏறி இறங்குகிறது. கீழே இறங்கும்போது கிட்டத்தட்ட அணைந்தே விடுகிறது. இரண்டு டிடெக்டர்களும் ஒரே நேரத்தில் அதிகம் பெறுகின்றன, ஒரே நேரத்தில் குறைவாகப் பெறுகின்றன. ஆகவே ஜோடிகள் கூடுகின்றன. முழுக்க ஏறி இறங்கும் ஒளிக்குக் கணக்குப் போட்டால் அந்தக் கூடுதல் சரியாக 1.5 மடங்கு. ஒரு பேட்டரி, ஒரு மின்தடை, ஒரு எல்.இ.டி. என்று மாற்றியதும் 152 வந்தது. சாளரம் 15.2 நானோநொடி. விளக்கு, தொடர்பில்லாத ஒளியைத் தரும் என்று நினைத்த இடத்தில் அது தன் துடிப்பையே தொடர்பாகத் தந்துகொண்டிருந்தது. மாணவர்களுக்கு இந்த விளக்கை இப்போதும் ஒரு பயிற்சியாகக் கொடுக்கிறேன்.

இரண்டாம் கட்டம், லேசரும் படிகமும். லேசர் 405 நானோமீட்டர், 50 மில்லிவாட். கண்ணுக்குப் பெரிய வெளிச்சமாகத் தெரியாத இந்த ஊதா ஒளி ஆபத்தானது. காப்புக் கண்ணாடி, கைக்கடிகாரமும் மோதிரமும் கழற்றிவைப்பது, கற்றை எப்போதும் கண்மட்டத்துக்குக் கீழே என்ற மூன்றும் எங்கள் சுவரில் எழுதியிருக்கின்றன. படிகம் பீட்டா பேரியம் போரேட், சுருக்கமாக பி.பி.ஓ. 5 மில்லிமீட்டர் சதுரம், 3 மில்லிமீட்டர் தடிமன். இது ஈரத்தை இழுக்கும். கடலோர ஊரில், அதுவும் வடகிழக்குப் பருவமழையில், மெருகேற்றிய முகம் மங்கிப்போகும். வேலை முடிந்ததும் சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவுக்குள் போய்விட வேண்டும். அதற்காகப் படிகத்தின் தாங்கியை அடிப்பகுதியோடு காந்தத்தில் கழற்றி மாட்டும்படி அமைத்தோம். மறுநாள் வைத்தால் பழைய இடத்திலேயே உட்காரும்.

படிகத்துக்குள் போகும் ஊதா ஃபோட்டான்களில் மிக மிகச் சில மட்டும் இரண்டாகப் பிரிகின்றன, ஒவ்வொன்றும் 810 நானோமீட்டர். எங்கள் படிகம் வெட்டப்பட்டிருக்கும் கோணத்தில் அந்த இரண்டும் நடுக்கற்றையிலிருந்து இருபுறமும் 3 பாகை விலகி வர வேண்டும். ஒரு மீட்டர் தொலைவில் அது 5.2 சென்டிமீட்டர். அளவுகோலை வைத்துப் பலகையில் பென்சிலால் கோடு போட்டே தொடங்கினோம். பின்பு ஒளியிழையின் மறுமுனையில் சிவப்பு லேசர் பாயிண்டரைச் செருகினோம். ஒளி பின்னோக்கி வந்து லென்ஸ் வழியாகப் படிகத்தில் விழும். அந்தச் சிவப்புப் புள்ளி ஊதாப் புள்ளியின் மேல் சரியாக விழும்வரை திருகைத் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் விழுந்துவிட்டால், ஒளியிழைகள் பார்க்கும் இடமும் ஃபோட்டான் பிறக்கும் இடமும் ஒன்று. பாயிண்டரைக் கழற்றிவிட்டு டிடெக்டரை மாட்டினோம்.

அன்று திரையில் ஜோடிகள் விநாடிக்கு 22 என்று வந்தது. "சார், ஜோடி வந்துவிட்டது!" என்று ஒரு மாணவி எழுந்தே நின்றுவிட்டாள். அவளுடைய மகிழ்ச்சி எனக்குப் புரிந்தது, எனக்கும் அது இருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு மாணவன் அதற்குள் காகிதத்தில் பெருக்கிக்கொண்டிருந்தான். தனி எண்ணிக்கைகள் 38,000, 36,000, சாளரம் 15 நானோநொடி, பெருக்கினால் 20.5. திரையில் இருந்த 22ம் முழுக்கத் தற்செயல். படிகத்திலிருந்து எங்களுக்கு ஒரு ஜோடி கூட வந்திருக்கவில்லை. இரவு விளக்கோடு நாங்கள் கழித்த நாள்கள் இல்லாவிட்டால் அந்த 22ஐ நம்பி, அதை 30 ஆக்க வாரக்கணக்கில் திருகியிருப்போம்.

ஜோடி இல்லையென்றால் அந்த 38,000 எங்கிருந்து வருகிறது? வெறும் குப்பை வெளிச்சம். பெட்டியை மரவேலைக்காரர் ஒருவர் ப்ளைவுட்டில் செய்து தந்திருந்தார், உட்புறம் முழுக்கக் கறுப்புத் துணி ஒட்டியிருந்தோம். கண்ணுக்கு அது கும்மிருட்டு. ஒரு பழைய சி.சி.டி.வி. கேமராவை, இரவில் பார்க்கும் அகச்சிவப்பு விளக்கோடு, பெட்டிக்குள் வைத்துப் பார்த்தோம். துணி வெளிர் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. துணிச் சாயங்கள் பல, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டுமே விழுங்குகின்றன; 800 நானோமீட்டரைத் தாண்டினால் திருப்பி அடிக்கின்றன. கறுப்புப் பூச்சு ஏற்றிய அலுமினியத் தாங்கிகளும் அப்படியே. கடையில் வாங்கும் துணியில் எது கறுப்பு என்று சொல்ல வேண்டியது கேமராதான்.

துணியைக் கிழித்தெடுத்துவிட்டுக் கரித்தூள் கலந்த கரும்பலகை வண்ணம் பூசினோம். கரி இரண்டு ஒளியையும் விழுங்கும். அதோடு, படிகத்தைத் தாண்டிப்போகும் ஊதாக் கற்றை எங்கே முடிகிறது என்று பார்த்தோம். அது விழுந்த துணி, ஊதா பட்டுத் தானே சிவப்பாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பதிலாகச் சவர பிளேடுகளை அடுக்கி, கூர் முனைகள் கற்றையைப் பார்க்கும்படி திருகில் முடுக்கினோம். ஒளி பிளேடுகளுக்கு இடையிலுள்ள வெட்டுகளுக்குள் நுழைந்து, மோதி மோதி அங்கேயே தேய்ந்துவிடுகிறது. இரண்டு பாக்கெட் பிளேடு போதும், நூறு ரூபாய்கூட ஆகவில்லை. குப்பை வெளிச்சம் 21,000க்கு இறங்கியது.

பின்னணி இறங்கிய பிறகுதான் திருகும் வேலைக்குப் பொருள் வந்தது. இங்கே எங்களைத் தாமதப்படுத்தியது படிகத்தின் சாய்வு. ஒளியிழைகளை நாங்கள் மிகக் கவனமாக நகர்த்திக்கொண்டிருந்தோம், ஆனால் படிகம் ஒரு பாகையின் சிறு பகுதி சாய்ந்தாலும் ஜோடிகள் வெளியேறும் கோணம் 3 பாகையிலிருந்து நழுவிவிடும். இருபக்கத்து லென்ஸ்களும் சரியான இடத்தில் காத்திருக்க, ஃபோட்டான்கள் அவற்றின் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. லென்ஸ்களைத் தொடாமல், படிகத்தின் சாய்வுத் திருகை மட்டும் கால் சுற்று கால் சுற்றாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் பத்து விநாடி எண்ணினோம். தற்செயல் எண்ணிக்கையை நிரலே கழித்துக்காட்டும்படி அப்போது மாற்றியிருந்தோம். பூஜ்யத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்த எண் 40 ஆனது, பிறகு 300, பிறகு 900. அதன் பின் லென்ஸ்களைத் தொட்டோம். இறுதியில் தனி எண்ணிக்கைகள் 41,000, 39,000. ஜோடிகள் விநாடிக்கு 2,100. அதில் தற்செயல் 24.

50 மில்லிவாட் ஊதா ஒளியில் விநாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி கோடி ஃபோட்டான்கள் படிகத்துக்குள் போகின்றன. அவற்றிலிருந்து நம் கைக்கு வந்தவை இந்த 2,100 ஜோடிகள். இதை நான் மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் ஒரு அமைதி வரும். எனக்கும் அந்த எண் பழகிப்போகவில்லை.

ஜோடிகள் படிகத்திலிருந்துதான் வருகின்றன என்பதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. லேசரின் தளவிளைவுத் திசை, அதாவது ஒளியலை அதிரும் திசை, படிகத்தின் அச்சோடு பொருந்தினால் மட்டுமே ஃபோட்டான் பிரியும். லேசர் பாதையில் இருக்கும் அரையலைத் தகட்டை 45 பாகை திருப்பினால் தளவிளைவு 90 பாகை திரும்பிவிடும். ஒளியின் அளவு குறையாது. திருப்பினோம். தனி எண்ணிக்கைகள் 21,000, 20,000க்கு இறங்கின. ஜோடிகள் 6. கணக்குப்படி தற்செயலும் 6. தகட்டைத் திருப்பி வைத்தால் 2,100 மீண்டும் வருகிறது. இந்தச் சோதனையை ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் செய்கிறோம். அந்த 6 வராத நாளில் வேறு எந்த அளவீட்டையும் எடுப்பதில்லை.

மூன்றாம் கட்டம்தான் நாங்கள் வந்த காரியம். ஒரு பக்கத்து டிடெக்டரை அப்படியே விட்டோம். அதை 'அ' என்று வைத்துக்கொள்வோம். அது துடித்தால், மறுபக்கம் ஒரு ஃபோட்டான் வருகிறது என்று அறிவிப்பு. மறுபக்கத்தில் கற்றைப் பிரிப்பானை வைத்து, நேரே போவதை 'ஆ' என்ற டிடெக்டரிலும், திரும்பிப் போவதை 'இ' என்ற டிடெக்டரிலும் விட்டோம். தனி எண்ணிக்கைகள் முறையே 41,000, 20,000, 18,500. அ–ஆ ஜோடி விநாடிக்கு 980. அ–இ ஜோடி 930. ஒளி அலையாக இரண்டாகப் பிரிந்தால் மூன்றும் சேர்ந்து துடிப்பது விநாடிக்கு 22 முறையாவது (980ஐ 930ஆல் பெருக்கி 41,000ஆல் வகுத்தது) நடக்க வேண்டும். வந்தது 9. இதை அந்த 22ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.40.

1க்குக் கீழே வந்துவிட்டதே, இதுவே போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. அலைக் கொள்கைக்கு எதிரான சான்று என்ற அளவில் போதும். ஆனால் எங்கள் சாளரத்தை நாங்கள் அறிவோம். தற்செயலாக மூன்று சேர்வது விநாடிக்கு 0.55தான் இருக்க வேண்டும், அது 0.025 என்ற எண்ணைத் தரும். மீதி எட்டுக்கு மேற்பட்ட மும்மைகளுக்கு ஊர் பேர் இல்லை. விலாசம் தெரியாத எண்ணை வைத்துக்கொண்டு ஒற்றை ஃபோட்டான் என்று நான் எழுத மாட்டேன்.

தேடும் வழி இந்த முறை தெளிவாக இருந்தது. 'ஆ', 'இ' இரண்டை மட்டும் ஒப்பிட்டோம். தற்செயலாக 5 அல்லது 6 ஜோடி வர வேண்டிய இடத்தில் 175 வந்தது. ஆக, இந்த இரண்டுக்கும் நடுவே ஏதோ பேச்சுவார்த்தை. 'இ'க்கு மூடியைப் போட்டோம். இருட்டில் அதன் எண்ணிக்கை 300. 'ஆ' ஒளியைப் பார்க்கும்போது, மூடிக்கொண்டிருக்கும் 'இ' 390 என்றது. ஒளியே புகாத டிடெக்டர், பக்கத்து டிடெக்டர் துடிக்கும்போது தானும் கூடுதலாக 90 முறை துடிக்கிறது. ஒளிப் பாதையில் குற்றமில்லை என்பது உறுதியானது. பெட்டியை மூடிவிட்டு ஒயர்களைப் பார்க்கப் போனோம்.

டிடெக்டரிலிருந்து வரும் கேபிள், சுற்றிலும் உலோக உறை கொண்ட நல்ல கோஆக்ஸியல் கேபிள். ஆனால் போர்டுக்குள் நுழையும் கடைசி 15 சென்டிமீட்டர் சாதாரண ஜம்பர் ஒயர், மூன்று கோடுகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு. கல்லூரி ஆய்வகங்களில் எல்லாவற்றுக்கும் பயன்படும் அதே வண்ண ஒயர்கள். நானோநொடிகளில் எழும் துடிப்புக்கு அவை போதா. 'ஆ'வின் துடிப்பு எழும்போது பக்கத்து ஒயரில் ஒரு சிறு எழுச்சி உண்டாகிறது. பெரும்பாலும் அது போர்டின் எல்லை மின்னழுத்தத்தைத் தொடுவதில்லை. இருநூறில் ஒரு முறைக்குச் சற்றுக் குறைவாகத் தொட்டுவிடுகிறது. மூன்று டிடெக்டர் இல்லாமல் இரண்டு மட்டும் இருந்தபோது இது ஏன் தெரியவில்லை என்றால், அப்போது ஒயர்கள் போர்டின் இரண்டு ஓரங்களில் இருந்தன. மூன்றாவது வந்தபோதுதான் பக்கத்து ஊசியில் செருகினோம்.

ஆஸிலோஸ்கோப்பில் அதைப் பார்ப்பதற்கும் ஒரு பாடுபட்டோம். எங்களிடம் இருந்தது 50 மெகாஹெர்ட்ஸ் கருவி, அந்தச் சிறு எழுச்சியை அது மழுங்கடித்து ஒன்றுமில்லை என்று காட்டியது. 200 மெகாஹெர்ட்ஸ் கருவியைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியிலிருந்து ஒரு நாள் இரவல் வாங்கி வந்தோம். அதில் எழுச்சி ஒன்றரை வோல்ட்டுக்குக் கிட்டத்தில் நின்றது.

ஒரு சிறிய பலகை செய்தோம். கோஆக்ஸியல் கேபிளைத் திருகி மாட்டும் எஸ்.எம்.ஏ. இணைப்பிகள் மூன்று, ஒவ்வொன்றின் அடியிலும் 50 ஓம் மின்தடை, பின்புறம் முழுக்கச் செம்பு நிலமாக இருக்கும்படி, போர்டின் மேலேயே உட்காரும் அளவு. உள்ளூரிலேயே தாமிரப் பலகையை ஃபெரிக் குளோரைடில் அரித்துச் செய்தது. பாகங்களுக்கு 1,900 ரூபாய். 50 ஓம் மின்தடை இன்னொரு நன்மையும் செய்தது: கேபிள் முனையில் பட்டுத் திரும்பும் எதிரொலித் துடிப்பு மறைந்தது. இந்த மின்தடைகளால் துடிப்பின் உயரமும் பாதியாகிவிடுவதால், முன்பு வைத்திருந்த குறைப்பு மின்தடைகளை எடுத்துவிட்டோம்.

பிறகு பழைய சோதனைகளை வரிசையாக மறுபடி செய்தோம். பேட்டரி விளக்கில் சாளரம்: 15 நானோநொடி. தகட்டைத் திருப்பினால் ஜோடிகள் 6. 'இ'யை மூடினால் 300, 'ஆ' என்ன செய்தாலும் 300தான். ஆ–இ ஜோடி 6. இருபது நிமிட ஓட்டத்தில் மும்மைகள் 714. விநாடிக்கு 0.595. எண் 0.027.

தற்செயலால் வர வேண்டியது 0.025. மிச்சம் 0.002, எங்கள் பிழை வரம்பின் இரண்டு மடங்கு. அது படிகத்தில் ஒரே கணத்தில் இரண்டு ஜோடி பிறப்பதா, சாளரம் 15ஐவிடச் சற்று அகலமா என்று பார்க்க நீண்ட ஓட்டம் தேவை. அதைப் பருவமழை முடிந்து, இரவில் மின்சாரம் நிலையாக இருக்கும் மாதங்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். அறை வெப்பம் ஏறினால் லேசரின் அலைநீளமும் நகர்ந்து ஜோடிகள் குறைகின்றன, ஆகவே இரவுதான் ஏற்ற நேரம்.

இன்னொரு முறை முதலிலிருந்து செய்வதென்றால் சிலவற்றை மாற்றுவேன். எஸ்.எம்.ஏ. பலகையை லேசர் வாங்குவதற்கு முன்பே செய்வேன். டிடெக்டர்கள் வந்த அன்றே, படிகம் பற்றிய நினைப்பே இல்லாமல், பேட்டரி விளக்கு ஒன்றை வைத்து மூன்றையும் இரண்டிரண்டாகச் சோதிப்பேன். ஒயர்க் கோளாறு அன்றே வெளிப்பட்டிருக்கும். படிகத்தின் தாங்கிக்கு மைக்ரோமீட்டர் பொருத்திய சாய்வுத் திருகை வாங்குவேன். 6,000 ரூபாய் கூடும். ஆனால் நல்ல நிலையின் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் நேரே அங்கே போகலாம். இப்போது திருகின் தலையில் பேனாவால் புள்ளி வைத்திருக்கிறோம். பெட்டிக்குத் துணி வேண்டவே வேண்டாம். சாளரத்தை ஒரே கட்டமாக, 5 நானோநொடிக்குச் சுருக்கிப் பார்த்தோம். தற்செயல் மூன்றில் ஒன்றாகிறது, ஆனால் கட்டத்தின் ஓரத்தில் விழும் உண்மையான ஜோடிகளில் ஒரு பகுதியும் போய்விடுகிறது. போர்டின் கடிகாரத்தை 400 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தி மூன்று கட்டமாகவே வைத்துக்கொள்வது நல்ல வழி. நிரல் பாதி எழுதியாகிவிட்டது.

அடுத்தது பெல் சோதனை: ஜோடி ஃபோட்டான்களுக்கு இடையிலான தொடர்பைக் குவாண்டம் கொள்கை இல்லாமல் விளக்க முடியுமா என்று பார்ப்பது. அதற்கு அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு படிகங்களை, ஒன்றின் அச்சு மற்றதற்குக் குறுக்காக வரும்படி ஒட்டி வாங்க வேண்டும். இரு பக்கமும் தளவிளைவைத் திருப்ப இரண்டு அரையலைத் தகடுகள் வேண்டும். அங்கே நாம் தேடும் எண், அப்படி விளக்க முடிந்தால் தாண்ட முடியாத 2க்கு மேல் போக வேண்டும். குவாண்டம் கொள்கை தரும் உச்சம் 2.83. தற்செயல் ஜோடிகள் அந்த எண்ணைக் கீழே இழுக்கும். மெல்லிய படிகம் என்பதால் ஜோடிகள் குறையும், பின்னணி அப்படியே இருக்கும். எனவே ஒவ்வொரு கோணத்துக்கும் எவ்வளவு தற்செயல் வரும் என்ற அட்டவணையை மாணவர்கள் இப்போதே தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். படிகத்துக்கு விலைப்புள்ளி கேட்டிருக்கிறோம், சுங்கவரி சேர்த்து 90 ஆயிரத்துக்குள் முடிந்தால் இந்தக் கல்வியாண்டிலேயே வாங்கிவிடலாம்.